சத்தத்தை நிறுத்திய நாற்பத்தைந்து நாள்

மார்ச் 4

இன்றிலிருந்து எனக்கு நடை கிடையாது. முழங்கால் தேய்ந்துவிட்டது, படி ஏறக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததும், பதினேழு வருடம் சுகாதாரப் பணியாளராகத் தெருத் தெருவாக அலைந்தவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். முன்னால் ஒரு திரை. காசநோய்க்கு மருந்து சாப்பிடும் நாற்பத்து மூன்று பேர், தினமும் மாத்திரை விழுங்குவதைத் தங்கள் போனில் படம் பிடித்து அனுப்புவார்கள். ஆளுக்கு முப்பது நொடி. உள்ளங்கையில் நான்கு மாத்திரையைக் காட்ட வேண்டும், விழுங்க வேண்டும், வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். நான் பார்த்துவிட்டுப் பச்சையை அழுத்த வேண்டும். வராதவர்களுக்குச் சிவப்பு.

நல்ல ஏற்பாடுதான். முன்பெல்லாம் தினமும் சுகாதார நிலையத்துக்கு வந்து, வரிசையில் நின்று, தெரிந்தவர்கள் கண்ணில் பட்டு... பாதிப் பேர் அதற்குப் பயந்தே மருந்தை விட்டுவிடுவார்கள்.

ஒரு பெயிண்டர் இருக்கிறார். ஒல்லி உடம்பு, காது மடலில் இன்னும் நீலப் பெயிண்ட். நாக்கை நீட்டிவிட்டு, "எப்படிக்கா, எங்க தெரு நாயவிட நல்லா நீட்டுறேன்ல?" என்றார். தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

மார்ச் 7

நோயாளியின் வீட்டில் இருப்பவர்களையும் பரிசோதிக்க வேண்டும். பெயிண்டர் வீட்டில் அவர் மனைவி மட்டும்தான். வீடு நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை. போன் செய்தேன்.

"இருமல், காய்ச்சல் ஏதாவது இருக்காம்மா?"

"ஒண்ணுமில்லக்கா, நல்லாத்தான் இருக்கேன்." ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமைக்கிறாளாம். வேலைக்கு நேரமாகிவிட்டது என்றாள்.

'வீட்டார் பரிசோதனை முடிந்தது' என்ற கட்டத்தில் குறி போட்டேன். நேரில் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். போனில் கேட்டது என்று எழுத அங்கே இடம் இல்லை.

மார்ச் 12

பெயிண்டர்: "அக்கா, உங்க முகமே எனக்குத் தெரியாது. ஆனா என் தொண்டைக்குள்ள இவ்ளோ உத்துப் பாத்த ஆளு உலகத்துலேயே நீங்க ஒருத்தர்தான்."

மார்ச் 19

என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருக்கும் மருந்தாளுநர் இன்று பொறுமை இழந்துவிட்டார். "நாப்பத்து மூணு பேர் மடக் மடக்னு குடிக்கிறத நான் ஏங்க தினம் கேக்கணும்? எனக்கு மாத்திரை எண்ணிக்கை தப்புது." நியாயம்தான். காதில் எதையாவது மாட்டிக்கொண்டால் எனக்குத் தலை வலிக்கும். சத்தத்தை நிறுத்திவிட்டேன். பார்க்க வேண்டியது வாயைத்தானே? வேகத்தைக் கூட்டவும் அவரே சொல்லிக் கொடுத்தார். ஒரு மணி நேர வேலை அரை மணியில் முடிந்தது.

ஏப்ரல் 2

நாற்பத்து மூன்றும் பச்சை. மேற்பார்வையாளர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "இவங்களப் பாத்துக் கத்துக்குங்க." கூச்சமாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

ஏப்ரல் 10

பெயிண்டர் இன்று என்னவோ பேசினார். கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார். சரியான நாடகக்காரர். பச்சை.

ஏப்ரல் 23

இரண்டு மாத மருந்துக்கு ஆள் தேறியிருக்க வேண்டும். பெயிண்டருக்குக் கன்னம் இன்னும் ஒட்டித்தான் கிடக்கிறது. சளிப் பரிசோதனைக்கு வரச் சொல்லிப் போன் செய்தேன். "வரேன்க்கா." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

மே 2

பெயிண்டரின் சளியில் கிருமி அப்படியே இருக்கிறது. டாக்டர் கேட்டார்: "ஒழுங்கா சாப்பிடுறாரா?"

"ஒரு நாள்கூடத் தப்பல டாக்டர். எல்லாம் பச்சை."

"அப்ப மருந்து கேக்காத கிருமியா இருக்கும். பெரிய பரிசோதனைக்கு அனுப்புவோம்."

சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஏனோ மனசு ஒப்பவில்லை. நாளைக்கு யாரும் வருவதற்கு முன் போய் எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

மே 3

ஏழு மணிக்குப் போனேன். சத்தத்தை வைத்து, வேகத்தைக் குறைத்து, மார்ச் 19-லிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

மார்ச் 28. அவர் வாயைத் திறந்து நாக்கைத் தூக்குகிறார். இருமல் கேட்கிறது. அவர் இருமவில்லை, வாய் திறந்தபடிதான் இருக்கிறது. இருமல் அவருக்குப் பின்னாலிருந்து வருகிறது. அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும்.

மார்ச் 31-லிருந்து மாத்திரையை இரண்டு இரண்டாக வாயில் போடுகிறார். முதல் தடவை தொண்டை அசைகிறது. இரண்டாம் தடவை கை மட்டும் வாய்க்குப் போகிறது. விரல்களை மூடியபடியே கை கீழே இறங்குகிறது. நான் முதல் முழுங்கலிலேயே பச்சையை அழுத்தியிருக்கிறேன்.

ஏப்ரல் 9: "அக்கா, முடிஞ்சா ஒரு தடவ வீட்டுக்கு வாங்க. போன்ல சொல்ற விஷயம் இல்ல."

ஏப்ரல் 10: "நேத்து சொன்னேனே... நீங்க மட்டும் வாங்கக்கா. உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்."

ஏப்ரல் 12: "கால் வலின்னு சொன்னாங்க. கீழ வந்து ஒரு குரல் குடுங்க, நானே எறங்கி வரேன்."

ஏப்ரல் 15: "சரிக்கா. வேலையிருக்கும். முடிஞ்சப்ப வாங்க."

அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை. மாத்திரை, தண்ணீர், நாக்கு, முடிந்தது.

நாலு தடவ. நாலு தடவ கூப்பிட்டிருக்கான் பாவி மனுஷன். நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்? நாடகக்காரன்னு எழுதி வச்சிருக்கேன் இந்த நோட்டுல.

மே 4

போனேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து நான்கு மாடி. ஒரே அறை, சுவர் முழுக்க அழகான வெளிர்மஞ்சள். மிச்சப் பெயிண்டில் அவரே அடித்ததாம். அவர் கட்டிலில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. மனைவி வாயில் துணியை வைத்துக்கொண்டு மூலையில் நின்றாள்.

"எத்தன நாளாம்மா இருமல்?"

அவர்தான் பதில் சொன்னார். "மார்ச் கடைசிலேருந்து. காப்பகத்துல தெரிஞ்சா வேலையவிட்டு நிறுத்திடுவாங்கன்னு பயந்தா. நாலு மாத்திரையில ரெண்டு எனக்கு, ரெண்டு அவளுக்கு. எனக்குக் கொஞ்சம் தேவலைன்னு தோணுச்சு, அதான்."

"பாதி சாப்பிட்டா ரெண்டு பேருக்குமே கேக்காதுங்க."

"அது தெரியலியேக்கா. அதத்தான் கேக்கலாம்னு கூப்பிட்டேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "இவகிட்ட சொன்னேன், அந்த அக்கா என் ஜோக்குக்கெல்லாம் சிரிக்கிறவங்க, தனியா சொன்னா ஒரு வழி பண்ணுவாங்கன்னு."

நான் சிரிப்பது அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அவராக அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார். சத்தத்தை நிறுத்தியதை அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஓ" என்றார். திட்டியிருக்கலாம்.

மே 6

அவளுக்கும் காசநோய். கிருமி சாதாரண மருந்துக்குக் கேட்கும் வகை. முழு அளவு தொடங்கியாகிவிட்டது. காப்பகத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே இருபத்தாறு குழந்தைகள், எல்லாம் ஐந்து வயதுக்குக் கீழே. முதலில் அவளிடம் சொன்னேன்.

"நீங்க வந்தா வழி பிறக்கும்னாரு. இதானாக்கா வழி?"

சாயங்காலம் காப்பகத்துக்குப் போன் செய்தேன்.

மே 9

பெயிண்டர் காலையில் ரத்தமாக வாந்தி எடுத்திருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரி. பக்கத்து வீட்டார் நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கினார்களாம்.

மே 13

போய்விட்டார். விடியற்காலை.

என் வீட்டுக்காரர் தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தார். சாப்பிட முடியவில்லை.

மே 14

நாற்பத்திரண்டு.

மே 21

மேற்பார்வையாளர் அறிக்கையைத் தயாராக வைத்திருந்தார். 'நோயாளி மருந்து உட்கொள்வதுபோல் நடித்துப் பணியாளரை ஏமாற்றியுள்ளார்.' கீழே நான் கையெழுத்துப் போட வேண்டிய இடம்.

"அவர் ஏமாத்தல சார். நாலு தடவ கூப்பிட்டாரு. வீடியோவுல இருக்கு."

"அதெல்லாம் எழுதுனா முதல்ல மாட்டுறது யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் சார். அந்த வீட்டுக்குப் போகாமலே போனதாக் குறி போட்டதும் நான்தான். அதையும் எழுதணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனுஷர் இல்லை. ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம்தான் இருக்கிறது அவருக்கு. நானே ஒரு தாளை எடுத்து எழுதினேன், தேதி வாரியாக. ஏப்ரல் 15-ல் அவர் சொன்னதையும் அப்படியே எழுதினேன்.

ஜூன் 5

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கோப்பில் ஒன்று, கையில் ஒன்று. குழந்தைகளின் பரிசோதனை முடிவும் இன்றுதான். மூன்று பேருக்கு உள்ளே கிருமி இருக்கிறது, நோயாக மாறவில்லை. தடுப்பு மருந்து ஆரம்பித்துவிட்டோம். அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். 'குணமான பிறகு பார்க்கலாம்' என்றார்களாம். பார்க்க மாட்டார்கள்.

அவள் வீடியோ அனுப்ப மாட்டேன் என்கிறாள். "அந்தப் பெட்டிகிட்ட நான் வாயத் திறக்க மாட்டேன்." அதனால் நான் போகிறேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள். நடுவில் வரும் நாட்களுக்குப் பக்கத்து வீட்டு அம்மா. டாக்டர் என் முழங்காலைக் காட்டித் திட்டினார். திட்டட்டும்.

ஜூலை 17

அவளாகப் பேசுவதில்லை. நான் கேட்டால் பதில். இன்று மட்டும், தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, "கடைசி வரைக்கும் உங்கமேல குத்தம் சொல்லல அவரு" என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாளா, வலிக்கட்டும் என்று சொன்னாளா? இரண்டும்தான் போல.

ஆகஸ்ட் 30

செயலியை மாற்றியிருக்கிறார்கள். நோயாளியின் போனில் ஒரு பொத்தான் வந்திருக்கிறது: 'என்னிடம் பேசுங்கள்.' அழுத்தினால் ஒரு நாளுக்குள் ஆள் நேரில் போக வேண்டும், போகாமல் அதை மூட முடியாது. வீட்டார் பரிசோதனைக் கட்டத்தில் 'நேரில்', 'போனில்' என்று பிரித்துவிட்டார்கள். "உங்க தாள் மேல வரைக்கும் போயிருக்கு" என்றார் மேற்பார்வையாளர். சந்தோஷப்பட வேண்டும். இன்று ஒரே நாளில் ஆறு பேர் அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தார்கள். ஆறு பேர்! இத்தனை நாளும் இவர்கள் யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்?

நவம்பர் 7

அவளுக்கு இன்று கடைசி மாத்திரை. சளியில் கிருமி இல்லை, எடை ஐந்து கிலோ கூடியிருக்கிறது. ஒரு துணி வெளுக்கும் கடையில் வேலை கிடைத்திருக்கிறதாம், திங்கட்கிழமையிலிருந்து. முடிவுத்தாளைக் கொடுத்தேன். இரண்டாக மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"ஆறு மாசம் கழிச்சு ஒரு பரிசோதனை பண்ணிக்கணும்மா. நான் வந்து..."

"வேண்டாங்கா." கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நானே வந்துடுறேன், நிலையத்துக்கு. நீங்க இனிமே வராதீங்க. கோவமெல்லாம் இல்ல. உங்க காலடிச் சத்தம் படியில கேக்கும்போதெல்லாம், ஏப்ரல்லயே நீங்க வந்திருந்தா...ன்னு நினைப்பு வருது. வேற ஒண்ணுமில்ல."

"சரிம்மா" என்றேன்.

அவள் கதவைச் சாத்தவில்லை. நான் முழுக்க இறங்கும்வரை அங்கேயே நின்றிருக்கிறாள். கடைசிப் படிக்கு வந்த பிறகுதான் மேலே தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அங்கேயே நின்று, போனை எடுத்து, அவள் பெயருக்கு எதிரே 'குணமடைந்தார்' என்று அழுத்தினேன்.