மிதிபடாத முதுகு

அத்தை,

மழை பிடித்தால் உன் இடுப்புப் பெல்ட்டிலிருந்து வாசனை கிளம்புகிறது. மீன் வாடை, வலித் தைலம், வேர்வை எல்லாம் ஒன்றாக. கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் மாட்டி வைத்திருக்கிறேன். "செத்தவ பெல்ட்ட இன்னாத்துக்கு மாட்டிக்கினு கெடக்குற, கடல்ல கொண்டுபோய்ப் போடு" என்று அம்மா இன்று காலையிலும் சொன்னாள்.  நான் போடவில்லை.

இங்கே ஒரு கதை கட்டி வைத்திருக்கிறார்கள். திண்டிவனத்தில் இடுப்பு வலிக்கு மிஷினில் போட்டு இழுத்து இழுத்துத்தான் நீ போய்விட்டாயாம். நீ போனது நெஞ்சு அடைத்து. மிஷினில் படுப்பதை நிறுத்தி வெகுநாள் கழித்து. டாக்டர் சொன்னதை அப்பாவும் பக்கத்தில் நின்று கேட்டார். ஆனாலும் குப்பத்துக்கு இந்தக் கதைதான் பிடித்திருக்கிறது. எதிரே நின்று மறுத்துப் பேச எனக்கு வாய் வருவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் கால் முன்னால் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று நம் பக்கத்தில் எல்லோரும் நம்புகிறார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வாசலில் யாராவது ஒருவர் குப்புறப் படுத்திருப்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு காலை வைப்பேன். பள்ளிக்கூடத்திலும் விடவில்லை. கணக்கு டீச்சர் ஒருநாள் வகுப்பிலேயே பாயைப் போட்டுப் படுத்து, "லேசா மிதிம்மா" என்றார். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். எட்டாம் வகுப்போடு நான் நின்றது அதனால்தான். ஏன் நின்றாய் என்று கேட்டது நீ ஒருத்திதான். காரணத்தைச் சொன்னதும், "அந்த டீச்சர் வூடு எங்கடி இருக்குது?" என்று சும்மாட்டை உதறிக்கொண்டு எழுந்தாய். உன் புடவையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்க நான் பட்ட பாடு.

மாமாவைக் கடல் கொண்டுபோன பிறகு நீ அண்ணன் வீட்டுச் சோற்றுக்குக் காத்திருக்கவில்லை. அன்னக்கூடை நிறைய நெத்திலியும் சங்கராவும் ஏற்றிக்கொண்டு மரக்காணத்தில் பஸ் பிடித்துப் போய், திண்டிவனம் மார்க்கெட்டில் புளியமரத்துக்குக் கீழே உனக்கென்று ஓர் இடம் பிடித்துவைத்திருந்தாய். ஒருநாள் கூடையைத் தூக்கும்போது இடுப்பில் ஏதோ வெட்டியது. வலி தொடை வழியாகக் குதிகால் வரை இறங்கிவிட்டது. இரண்டு ஆள் தாங்கித்தான் உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அன்று பொழுது சாயும் நேரம் அப்பா உன்னை வாசற்படியில் படுக்கச் சொன்னார். என்னைக் கூப்பிட்டார். நான் கால் கழுவிக்கொண்டு வந்து நின்றேன். நீ படுக்கவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"ஊரே நம்ம வூட்டத் தேடிக்கினு வருது. நீ இன்னாடான்னா மாட்டேன்ற" என்றார் அப்பா.

"வரட்டும்ண்ணா. இது பிடிப்பு இல்ல. காலெல்லாம் மரத்துப் போவுது. இது மேல புள்ளய ஏத்தி, நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சின்னா, பழிய இவ தலையில கட்டுவீங்க."

அதுவரை யாரும் என்னைப் பற்றி அப்படி யோசித்ததில்லை அத்தை. மிதித்தால் எனக்கு என்ன ஆகும் என்று.

விழுப்புரத்தில் ஒரு டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லிப் பார்த்தார். எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, ஆபரேஷன் வரை இப்போது போகவேண்டாம், முதலில் இழுவை வைத்தியம் பார்க்கலாம் என்று திண்டிவனத்துக்கு எழுதிக்கொடுத்தார். அப்பா வரவில்லை. நான்தான் உன்னோடு வந்தேன்.

இரண்டாகப் பிரியும் அந்தக் கட்டிலில் உன்னைப் படுக்கவைத்து, நெஞ்சுக்குக் கீழே ஒரு பெல்ட், இடுப்பில் ஒரு பெல்ட் கட்டினார்கள். மிஷின் மெதுவாக இழுக்கும், கொஞ்சம் நிறுத்தும், மெதுவாக விடும். அங்கிருந்த பிசியோதெரபி மேடம் உன் கையில் ஒரு சுவிட்சைக் கொடுத்து, "வலி அதிகமானா அமுக்குங்க, நின்னுடும். இது எல்லாருக்கும் ஒத்து வரும்னு சொல்ல மாட்டேன். உங்களுக்குக் கேக்குதான்னு பாப்போம்" என்றார். நீ அந்த சுவிட்சை நண்டு பிடிப்பது மாதிரி பிடித்துக்கொண்டாய்.

"வல இழுக்கற மாரியே இழுக்குது மேடம். மீனுதான் காணோம்."

பக்கத்துக் கட்டிலில் கழுத்துவலிக்கு வந்த லாரி டிரைவர் ஒருவர். பேச்சுவாக்கில் நான் கால்வழி பிறந்தவள் என்று நீ சொல்லிவிட்டாய். "அட, வூட்டுலயே மருந்த வச்சிக்கினு இங்க வந்து படுத்துக்கினு இருக்கீங்களே" என்றார்.

"ஏன் டிரைவரே, உன் லாரி நின்னுபோனா ஒதச்சா ஓடுமா?"

"சில நாளு ஓடும்க்கா."

மேடம் சிரித்த சிரிப்பில் மிஷினைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

வலி முழுதும் போகவில்லை. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் வாரங்கள் போகப் போக வலி குதிகாலிலிருந்து தொடைக்கு ஏறியது, தொடையிலிருந்து ஏறி இடுப்போடு நின்றது. மேடம் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைப் பாயில் செய்தாய். ஒரு கூடை பாரத்தை இரண்டாகப் பிரித்தாய், தலையில் ஏற்றுவதை விட்டு ஆட்டோவில் ஏற்றினாய். "மீன்காரிக்கு ஆட்டோவா, ராணி மாரிதான்" என்று குப்பத்தில் பேசினார்கள். "கூடையத் தூக்குனது போதும், அண்ணன் வூட்ல கெட" என்றார் அப்பா. நீ மேடம் வாங்கிக்கொள்ளச் சொன்ன இடுப்புப் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு கிளம்பினாய்.

புளியமரத்துக்குக் கீழே மீன் விற்கிற பக்கத்துக்காரி உன் இடத்திலும் சாக்கு விரித்திருந்தாள். "இடுப்பு போனவளுக்கு மார்க்கெட்டு எதுக்கு? இனிமே குனிஞ்சி நிமுர முடியுமா?" என்றாள். நீ சண்டை போடவில்லை. இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்கிக் குந்தினாய், கூடையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நேராக எழுந்தாய். "குனியறத வுட்டுட்டேன்டி. ஜல்தி சாக்கச் சுருட்டு" என்றாய். சுருட்டினாள்.

நீ போன பதினாறாம் நாள், மார்க்கெட் இடத்தை விட்டுவிடலாம் என்று அப்பா சொன்னார். "நான் போறேன்" என்றேன். இந்த வீட்டில் நான் உரக்கச் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

எனக்கு இன்னும் கூவி விற்க வரவில்லை. மீனைப் பரப்பிவிட்டு உட்கார்ந்திருப்பேன். உன் வாடிக்கைக்காரர்கள் தேடி வருகிறார்கள். போன வாரம் பக்கத்துக்காரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து சாக்கில் குப்புறப் படுத்தாள். "உன் அத்த வேணான்னுச்சி, நான் வேணான்னு சொல்லல. ஒரு மிதி மிதி கண்ணு" என்றாள். மார்க்கெட்டே பார்த்தது. என் முகம் சுட்டது.

"மாட்டேன்க்கா" என்றேன். "எந்திரி. வலி காலுக்கு எறங்குதா சொல்லு. எறங்குதுன்னா நாளைக்கே டாக்டரப் பாக்கணும், நான் கூட வர்றேன்."

அவள் முறைத்தாள், வாய்க்குள் ஏதோ திட்டினாள். நான் காலை மடக்கிக்கொண்டு அவள் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவள் எழுந்திருக்கும் வரை நானும் எழுந்திருக்கவில்லை.