மறுபக்கம் போகாத கரும்புள்ளி

அன்பு மகள் வேணிக்கு அம்மா எழுதுவது. சூரியனை ஆராயும் அந்தத் தீவில், மலை மேல், குளிரில் நீ சுகமாக இருக்க வேண்டும். எனக்கும் வீட்டுக்கும் குறைவில்லை. உன் தம்பி சிவகணேஷை ராதாபுரத்துக்கு மாற்றிவிட்டார்கள், சனிக்கிழமைதான் வருகிறான். சீவலப்பேரி முழுக்க நடவு, கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. அப்பாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்; போனில் சொன்னால் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்வார்கள், அதனால் தபால்.

போன மாதம் சூரியன் சீறியபோது ஒரே நிமிஷத்தில் எடுத்த மூன்று படங்களை அனுப்பினாயே. சாதாரண வெளிச்சத்தில் மஞ்சள் வட்டமும் ஒரு கரும்புள்ளியும். புற ஊதாவில் அந்தப் புள்ளியைச் சுற்றித் தீச்சுருள்கள். எக்ஸ்ரேயில் சூரியனே கறுத்துப்போய், புள்ளி இருந்த இடம் மட்டும் வெள்ளையாக எரிந்தது. அதற்குரிய கண்ணாடி போட்டால் இங்கிருந்தே புள்ளியைப் பார்க்கலாம் என்றும் சொன்னாய். அப்பா, "சாமிய எவனாவது கண்ணாடி போட்டுப் பாப்பானா?" என்று கேட்டுவிட்டு, தினமும் ஆற்றில் நின்று சூரியனுக்கு நீரள்ளி அர்க்கியம் விடும்போது வெறுங்கண்ணால் பார்த்தார்கள், வெயில் ஏறிய பிறகும் பார்த்தார்கள். ஒருநாள் ஈர வேட்டியோடு ஓடி வந்து, "ஏட்டி ஆவுடை, நம்ம பிள்ள படம் எடுத்த புள்ளி எனக்கும் தெரியுது" என்று சிரித்தார்கள்.

பிறகு நீ, சூரியன் சுழன்று புள்ளி மறுபக்கம் போய்விட்டது என்றாய். அப்பாவுக்கு அது போகவில்லை. சுவரில் இருக்கிறது, இலையில் சோற்றின் நடுவில் இருக்கிறது. கண்ணை மூடினால் வெள்ளையாக எரிகிறதாம், "இது எக்ஸ்ரே" என்கிறார்கள். நேற்று முன்தினம் என்னை எதிரே உட்காரவைத்து, "உன் மூஞ்சிலதான் இருக்கு, அசையாத... இப்ப பைய நகரு. ஆங், மூஞ்சி வந்துட்டு, அது செவுத்துக்குப் போயிட்டு" என்றார்கள். பயமே இல்லை, சந்தோஷம். எனக்குத்தான் அன்றிலிருந்து முகத்தில் எதுவோ ஒட்டியிருப்பதுபோல, கழுவிக் கழுவிப் பார்க்கிறேன்.

கண் டாக்டர், விழித்திரை நடுவில் வெயில் சுட்டிருக்கிறது, இனிப் பார்க்காமல் இருந்தால் கொஞ்சம் தேறலாம், பார்த்தால் மிச்சமும் போய்விடும் என்றார். "அவருக்கு என்னட்டி தெரியும், என் மகளக் கேளு" என்று வந்துவிட்டார்கள். புள்ளி சுற்றி இந்தப் பக்கம் திரும்ப வரலாம் என்று நீ சொன்னாயாம், அதற்காகக் காத்திருக்கிறார்கள்.

இன்று காலை நானும் ஆற்றில் இறங்கி, சூரியனை மறைத்து அவர்கள் எதிரே நின்றேன். என் முகத்தை நேராகப் பார்த்துக் கைகூப்பி, "புள்ளி வந்துட்டு" என்றார்கள்.

வேணி, அந்தப் புள்ளி மறுபக்கத்திலேயே கலைந்துவிட்டது, இனி வராது என்று நீ சொல்ல வேண்டும். உண்மையில்லை என்றாலும் சொல். கண்ணில் நிற்பது சூரியனுடையது இல்லை, காயம் என்பதையும் சொல். உன் பேச்சை மட்டும்தான் கேட்பார்கள்.

சிவனும் அம்பாளும் உனக்குத் துணையிருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. கூப்பிடும்போது வீடியோவில் வராதே, குரலில் மட்டும் பேசு. உன் முகம் நன்றாகத் தெரிகிறது என்று அப்பா தலையாட்டுவதெல்லாம் பொய்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆவுடைத்தாய் தாணுமாலையன்