நைனாவின் பச்சை நாக்கு

என் நைனாவுக்கு,

கருணாபுரத்தில் எல்லோரும் இருக்கிறோம். நன்றாக இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை. உடம்பெல்லாம் அலுப்பு.

காலேஜைப் பாதியில் விட்டதும் நீ போன வேலைக்கே நானும் போனேன். கடலூர்ப் பக்கம், அதே ஆசிட் கம்பெனி. ஆலையை நிறுத்தும்போது பெரிய கலனுக்குள் கிடக்கும் மஞ்சள் குச்சிகளை வெளியே எடுத்து, சலித்து, தூசி போனதும் திரும்பக் கொட்டும் வேலை. அந்த மஞ்சள் என்னவென்று உனக்கு யாராவது சொன்னார்களா? வனேடியம் பென்டாக்சைடு. கந்தகப் புகைக்குத் தன் ஆக்சிஜனைக் கொடுக்கும். காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும். அந்தப் புகைதான் கடைசியில் ஆசிட் ஆகிறது. எத்தனை முறை கொடுத்தாலும் அது மட்டும் செலவாகாது என்று பாடத்தில் உண்டு. சலிக்கிறவனைப் பற்றிப் பாடத்தில் ஒன்றும் இல்லை.

ஒருநாள் சாப்பிடும்போது கூட வேலை செய்யும் செல்வம் சிரித்தான். “இன்னாடா, நாக்கு கிளி கலர்ல கீது?”

போனில் பார்த்தேன். பச்சை.

காலேஜ் லேபில் பார்த்ததுதான். வனேடியத்தின் மஞ்சள் கரைசலில் துத்தநாகம் போட்டால் நீலமாகும், பச்சையாகும், கடைசியில் ஊதா. ஆக்சிஜன் குறையக் குறைய நிறம் மாறும். வாய்க்குள் போன தூசியும் அப்படித்தான் மாறுகிறது.

உன் நாக்கும் இப்படித்தானே இருந்தது? கண் சிவந்து, இருமிக்கொண்டே வருவாய். கண்ட சரக்கையும் குடித்துத்தான் நாக்கு பச்சையாகிவிட்டது என்று தெருவே சொன்னது. நீ ஏன் இல்லை என்று சொல்லவே இல்லை? உன் காரியத்தில், செத்தவருக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும் என்று மாமா உன் போட்டோ முன்னால் குவார்ட்டர் பாட்டில் வைத்தார். ஒவ்வொரு தெவசத்துக்கும் அதுதான்.

போன வாரம் வீட்டுக்கு வந்தேன். என் நாக்கைப் பார்த்ததும் அம்மா துடைப்பத்தை எடுத்துவிட்டாள்.

“நீயும் ஆரம்பிச்சிட்டியா? ஊதுடா!”

ஊதினேன். மோந்து பார்த்துவிட்டு, மறுபடியும் ஊதச் சொன்னாள்.

“ஒண்ணும் நாறலியே?”

“கம்பெனி தூசிம்மா. நைனாவுக்கும் இதான். அவுரு வாய என்னிக்காவது மோந்து பாத்தியா?”

“கிட்ட போனாத்தானேடா.”

துடைப்பத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தூசிதான் உன்னைக் கொன்றது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. நாக்கு பச்சையானது குடியால் இல்லை. அது மட்டும் நிச்சயம்.

நாளைக்கு உனக்குத் தெவசம். மாமா இன்றைக்கே பாட்டிலோடு வந்தார். அம்மா வாசலிலேயே மறித்தாள்.

“எட்த்துக்கினு போண்ணா. அவுரு குடிக்கவே இல்ல.”

“வாங்கினு வந்துட்டேனேம்மா?”

“நீயே ஊத்திக்கோ.”

அவர் போனதும் அம்மா என்னிடம் கேட்டாள்: “அப்போ அவுருக்கு இன்னாதாண்டா புடிக்கும்?”

எனக்குத் தெரியவில்லை நைனா. அவளுக்கும் தெரியவில்லை.

நாளைக்கு வெறும் சோறும் குழம்பும்தான் வைக்கிறோம். கோபித்துக்கொள்ளாதே. மூச்சுக்கவசம் தராமல் இனி கலனுக்குள் இறங்க மாட்டேன். வேலை போனால் போகட்டும். உன்னோடு சலித்த ஆட்கள் சிலர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். நீ எதை ஆசையாகச் சாப்பிடுவாய் என்று அவர்களிடம் கேட்டு வந்து அம்மாவுக்குச் சொல்கிறேன்.

உன் பெரிய பையன்