இவருடைய வலது கை

ஜூன் 9
மழை விட்டபாடில்லை. அரிசிமாவில் தட்டிய அக்கி ரொட்டியைப் பிய்த்துப் பாலில் ஊறவைத்து இவருக்கு ஊட்டினேன். பிறகு கை. பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை முஷ்டியாகவே மூடிக் கிடக்கிறது. விரல்களை நான்தான் பிரித்துத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் நகம் உள்ளங்கைச் சதையில் ஏறிவிடும்.

தொடும்போதெல்லாம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கை என் பக்கம் வந்ததெல்லாம் இப்படி மூடிக்கொண்டுதான்.

பெங்களூரிலிருந்து மகள் வினுதா போனில்: “பத்திரமா பாத்துக்கம்மா. உன்னை விட்டா அப்பாவுக்கு யாரு?” எல்லாவற்றையும் பார்த்து வளர்ந்தவள்தான் அவளும்.

ஜூன் 13
விரல்கள் பிரிந்தன. மூடிக்கொண்டன. வேறொன்றுமில்லை.

ஜூன் 17
அடித்துவிட்டார். அடித்தாரா?

முகம் துடைத்துக்கொண்டிருந்தேன். பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். அசையாத அந்தக் கை விருட்டென்று எழும்பி என் கன்ன எலும்பில் இடித்தது. கிண்ணத்தைப் போட்டுவிட்டுச் சமையலறைக்கு ஓடினேன். படுக்கையில கிடக்கற மனுஷனுக்குப் பயந்து ஓடறேனே, எனக்கு வெட்கமா இல்லையா?

திரும்பி வந்து கேட்டேன்: “வேணும்னுதானே செஞ்சீங்க?”

“நா... இல்ல” என்று குழறினார். வாய் கோணியிருப்பதால் சிரிக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜூன் 24
ஷிவமொக்காவில் டாக்டர் நயனாவிடம் போனோம். கைத்தசைகளை ஆராய்கிறவர். பக்கவாதம் வந்தவர்களையும் அதே வயதில் நன்றாக இருப்பவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்கிறாராம்.

“நீங்களும் உக்காருங்கம்மா. உங்க கையும் வேணும்.”

என் கட்டைவிரல் அடியில் எதையோ ஒட்டினார். விரலை ஒரு கருவி சுண்டியது. திரையில் ஒரு கோடு சோம்பலாக எழுந்து படுத்தது.

“வயசானா சேதி முதுகுத்தண்டுக்குப் போய்த் திரும்ப நேரமாகும். எல்லாருக்கும் அப்படித்தான்.”

இவருடைய இடது கைக்கும் கோடு அப்படியே சாதுவாக எழுந்தது. வலது கையில் சுண்டியதும் திரையை விட்டே எகிறியது.

“தசையை மூளைதான் அடக்கி வெச்சிருக்கும். பக்கவாதத்துல அந்த பிரேக் போயிடுது.”

“லாரி ஓட்டின மனுஷன்கிட்டப் போய் பிரேக் போச்சுன்னு சொல்றீங்களே” என்றேன். இவரே சிரித்துவிட்டார்.

கொட்டாவி விஷயத்தைச் சொன்னேன். என் கன்னத்தில் இருந்த மஞ்சள் கன்றலை டாக்டர் பார்த்தார். “கொட்டாவி விடும்போது செயலிழந்த கை தானா எழும்பறது சிலருக்கு உண்டு. அவர் செய்யலை, தசை செஞ்சது. அவர் மேல தப்பில்லம்மா.”

ஆட்டோவில் வழியெல்லாம் அழுதேன். இத்தனை வருஷத்தில் தப்பு யாருடையது என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. முதன்முதலாக ஒருவர் சொன்னார் — அவருடையது இல்லை என்று.

ஜூலை 2
இப்போது பயமில்லை. வெறும் தசை. தேங்காய் எண்ணெய் தடவி வெகுநேரம் நீவிவிட்டேன். கல்யாணமான புதிதில்கூட இந்தக் கையை இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. “வலிக்குதா?” என்றேன். இல்லையென்று தலையாட்டினார். பழைய அடிகளைக்கூட அந்தக் கணக்கில் சேர்த்துவிடலாமோ என்று தோன்றியது. பைத்தியம்தான் எனக்கு.

ஜூலை 15
ராகிக் களி ஆறிப்போயிருந்தது. அவ்வளவுதான் காரணம். தட்டை வைக்கக் குனிந்தேன், காதோடு சேர்த்து விழுந்தது அறை.

வலது கை மடியில் மூடியபடியே கிடந்தது.

இடது கை. கொட்டாவி இல்லை, திடுக்கிடல் இல்லை. கண்ணைப் பார்த்து, குறி பார்த்து. “சூடா... கேட்டேன்ல” என்றார். இந்த ஒரு வாக்கியம் மட்டும் குழறவில்லை.

இதுல எந்த பிரேக் போச்சு? எந்த நரம்பு மேல பழி போடறது? எழுதும்போதும் காது கொய்யென்கிறது.

ஜூலை 16
வினுதாவிடம் சொன்னேன்.

“முடியாதவர்மா, ஏதோ எரிச்சல்ல...”

“இடது கைடி.”

புரியவில்லை அவளுக்கு. “முடிஞ்ச கை” என்றேன்.

“நான் வர்றேன். நீ பையை எடுத்து வை” என்றாள்.

ஆகஸ்ட் 5
பத்ராவதி, அக்கா வீடு. இங்கேயும் மழைதான். தூக்கம் வருகிறது, விழிப்பும் வருகிறது.

இவருக்கு வினுதா ஆள் வைத்திருக்கிறாள். பரசுராம் என்று பெயர், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவன். இன்று போன் செய்தான்: “அக்கா, இவர் விரலைப் பிரிக்கவே முடியலையே. எப்படிச் செய்வீங்க?”

“மணிக்கட்டை முதல்ல உள்பக்கமா மடக்கு. கட்டைவிரல்லேர்ந்து ஆரம்பி. இழுக்காதே, அது இளகற வரைக்கும் பிடிச்சுக்கிட்டு இரு.” பிறகு சொன்னேன், “அவருக்கு இடது பக்கமா உக்காராதே.”

“ஏன்க்கா, அந்தக் கைக்கு என்ன?”

“அதுக்கு ஒண்ணுமில்லப்பா” என்றேன். “அது நல்லாத்தான் இருக்கு.”