கப்பலின் சத்தத்தை நிறுத்தியவள்

புதன், ஜோகுபாளையம்.

அக்கா மகள் சுதா ஐடி வேலையை உதறிவிட்டு, ஆய்வுக் கப்பலில் திமிங்கலம் வருகிறதா என்று பார்க்கும் வேலைக்குப் போய் இரண்டு மாதம். அன்றிலிருந்து அக்கா அவளோடு பேசவில்லை. இன்று சுதா எனக்குப் போன் செய்தாள். அகில உலகச் சமாதானத் தூதனாகிய நான், பக்கத்தில் இருந்த அக்கா காதில் விழும்படி ஸ்பீக்கரைப் போட்டேன்.

"மாமா, இன்னிக்கு திமிங்கலம் பாத்தேன்! கடலடிய அளக்க நாங்க விடுற வெடிச் சத்தம் அது காதுக்கு ஆகாது, நிறுத்துங்கன்னேன். அது தள்ளிப் போற வரைக்கும் மொத்தக் கப்பலும் சும்மா இருந்துச்சு."

"கேப்டன் கூடவா?" அக்கா வாயைத் திறந்துவிட்டாள்!

"கேப்டனுந்தாம்மா."

"ஆபீஸ்ல ஒரு மீட்டிங்க நிறுத்த முடியல இவளால!" என்று என்னிடம் சிரித்தவள், போனைப் பிடுங்கிக்கொண்டு, "வெயில்ல தொப்பியாவது போடுறியாடி?" என்றபடி உள்ளே போனாள்.

திமிங்கலமே, அல்சூர் ஏரி நடுவே உனக்கு ஆயிரம் அடியில் சிலை வைக்கிறேன். போன் இன்னும் என் கைக்கு வரவில்லை.