ஷாந்தினியின் மூக்குத்தி

சிம்பாங் அம்பாட்
12.5.2024

தம்பி கணேசமூர்த்திக்கு,

அக்கா வேலாயி எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் இங்கே சுகம். பேரன் பிரவின் சிங்கப்பூரில் இஞ்சினியர். அடுத்த பேரன் ஹரிதாஸ் சொந்தமாக லோரி வாங்கிவிட்டான். பேத்தி தேவமலருக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. இன்னொரு பேத்தி ஷாந்தினி மலாக்காவில் நர்ஸ். நோயாளிகள் "ஷாந்தினி மிஸ்ஸிதான் ஊசி போடணும்" என்று அடம் பிடிக்கிறார்களாம்.

அவளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நீ பிரசங்கம் பண்ணுவாய், நான் கத்துவேன்.

போன வாரம் வந்தவள் மூக்கில் மூக்குத்தி இல்லை. கேட்டால், "சளி பாட்டி, அதான் கழட்டிட்டேன்" என்கிறாள். சளிக்கு யாராவது மூக்குத்தியைக் கழற்றுவார்களா? உன் சபையில் ஞானஸ்நானத்துக்கு முன்னால் நகையெல்லாம் கழற்றச் சொல்வது எனக்குத் தெரியாதா? அவள் தெங்கேராவில் உன் சபைக்குள் நுழைந்ததைப் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா பார்த்திருக்கிறாள்.

நம் எஸ்டேட்டில் முதன்முதலாக வேதத்தைத் தூக்கியவன் நீ. அப்பா கும்பிட்ட அம்மன் படத்தை "வெறும் கண்ணாடி" என்று சொல்லிவிட்டு வெளியேறியவன். ஒரு பஸ் தூரத்தில் இருந்தும் அதற்கப்புறம் என் வாசலை மிதித்ததில்லை. இப்போது என் பேத்தியைக் கொண்டுபோகப் பார்க்கிறாயா? உண்மையைச் சொல்.

அக்கா
வேலாயி


தெங்கேரா
19.5.2024

அன்புள்ள அக்கா,

கர்த்தர் உன் வீட்டாரை ஆசீர்வதிப்பாராக. இதற்கும் கோபப்படுவாய்.

ஷாந்தினி வந்தது உண்மை. நான் கூப்பிடவில்லை. எங்கள் சபையில் கித்தார் வாசிக்கும் பவனை அவளுக்குப் பிடித்திருக்கிறது. ஞானஸ்நானம் எடுக்காத பெண் வேண்டாம் என்று அவன் அப்பா சொல்லிவிட்டார். அதனால்தான் மூக்குத்தியைக் கழற்றிவிட்டு, கிளேபாங் கடற்கரையில் ஞானஸ்நானம் எடுக்க வந்த மற்றவர்களோடு வந்து நின்றாள்.

"பவன் இல்லன்னாலும் தண்ணியில எறங்குவியாம்மா?" என்று கேட்டேன். அழுதாள். திருப்பி அனுப்பிவிட்டேன். பவனின் அப்பா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

வேதத்தை எழுத்துக்கு எழுத்து நம்புகிறவன் நான். உலகம் ஆறே நாளில் உண்டானது, கர்த்தர் மேகத்தில் வருவார், விக்கிரகம் பாவம். இதற்காகத்தான் வீட்டை விட்டேன்; எஸ்டேட் எஸ்டேட்டாகச் சைக்கிள் மிதித்தேன், கல்லடியும் பட்டேன். அதே வேதம்தான், நம்பாதவளை முக்காதே என்கிறது. அதை யாருக்காகவும் வளைக்கமாட்டேன்.

உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லச் சொல்லித்தான் அவளை அனுப்பினேன்.

தம்பி
கணேசமூர்த்தி


சிம்பாங் அம்பாட்
2.6.2024

கணேசா,

உன் கடிதத்தை நான் நம்பவில்லை. ஷாந்தினியை எதிரே உட்காரவைத்துக் கேட்டேன். "சின்ன தாத்தா வெரட்டிட்டாரு பாட்டி. ரொம்ப ஸ்ட்ரிக்ட் லா அவரு" என்று தேம்பினாள்.

சரி, நீ சொன்னது நிஜம். ஆனாலும் உன்னைப் பாதிதான் நம்புவேன். நாளைக்கு அவள் மனசார நம்பி வந்து நின்றால் தண்ணியில் இறக்கிவிடுவாய். எனக்குத் தெரியும். அதுவரை நானும் அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டுதான் இருப்பேன்.

வருகிற சனிக்கிழமை அந்தப் பவனை இங்கே சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். கித்தார் வாசிக்கிறவன் எப்படிப்பட்டவனோ, பார்க்கணும். நீயும் வா. நீ இருந்தால் பொய் சொல்லப் பயப்படுவான். படைத்த சோறு நீ தொடமாட்டாய். சாமிக்கு எடுத்து வைப்பதற்கு முன்னாலேயே உனக்குத் தனிச் சட்டியில் ஆக்கிவிடுகிறேன். சாமியறைக் கதவை மட்டும் சாத்தச் சொல்லாதே.

என்னிடம் இருப்பது நீ அரும்பு மீசையோடு நிற்கும் படம். யாரோ கிழவன் கேட்டில் நிற்கிறான் என்று நாயை அவிழ்த்துவிட்டாலும் விடுவேன். ஷாந்தினியின் போனில் எல்லாம் வேண்டாம், கையில் பிடித்துப் பார்க்கணும். இப்போதைய முகம் தெரிகிற மாதிரி புதுப் போட்டோ ஒன்று எடுத்து, சனிக்கிழமைக்குள் வந்து சேரும்படி தபாலில் போடு.

அக்கா