பச்சை மாறாத பாட்டில்

சிதம்பரம்

அன்புள்ள அம்மாவுக்குத் தமிழினி எழுதுவது. உன் கால் வீக்கம் வடிந்ததா?

இன்று நான் பாட்டில் கழுவும் ஆய்வகத்தில் அலமாரியைத் திறந்ததும், மூலையில் ஒரு பாட்டில் மட்டும் இன்னும் பச்சையாக இருப்பதைப் பார்த்தேன். வெள்ளி அணுக்களைச் சிறு கொத்தாகச் சேர்த்தால் சீக்கிரம் சிதைந்து கறுத்துவிடுமாம். நடுவில் ஒரு தங்க அணு உட்கார்ந்துவிட்டால் பச்சையாகவே நிலைக்குமாம். அதற்காகத்தான் இங்கே ஆராய்ச்சி செய்யும் வினோத் சார் ஒரு வருடமாகப் பாடுபடுகிறார். முன்வரிசைப் பாட்டில்கள் கறுத்திருந்ததை மட்டும் பார்த்துவிட்டு என்மேல் பாய்ந்தார்.

"மீன் நாத்தக் கையால தொட்டியாடி? ஒன்னயெல்லாம் உள்ள வுட்டா எது நிக்கும்? எல்லாத்தயும் கொட்டிக் கழுவு!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் தொடவே இல்லை, அம்மா.

சோப்பில் கை வெடித்திருக்கிறது. கடலூரிலிருந்து யாராவது வந்தால் நீ காய்ச்சும் எண்ணெயைக் கொடுத்தனுப்பு. நீயே வந்தாலும் சரி.

அவர் போன பிறகு அந்தப் பச்சைப் பாட்டிலையும் எடுத்து, கொட்டிக் கழுவிவிட்டேன்.